எந்த ஊர்?

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு வாரம் முழுவதும் நாடக ஒத்திகை நடந்தது. கதாநாயகன் இருபத்தேழு வயதுப் பையன். திண்டுக்கல்லில் பள்ளிப் படிப்பு, கோயம்புத்தூரில் இஞ்சினீயர் பட்டம், பெங்களூரில் உத்தியோகம். இப்போது அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவனை வேலைக்கு அழைத்திருக்கிறது. எச்-1பி விஸா என்கிறார்களே, அதுதான். கம்பெனி போட்ட மனு அங்கே அங்கீகாரமாகிவிட்டது. பாக்கி இருந்தது, சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்க கான்ஸல் காரியாலயத்தில், கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அதிகாரி கேட்கப் போகிற நாலைந்து கேள்விகள்தான்.

அப்பா அதிகாரி. அம்மா ரசிகர் கூட்டம். என்னையும் இழுத்துக்கொண்டார்கள். "மாமா, நீங்க கதை எழுதுறவரு. குறுக்குக் கேள்வி கேக்கறது உங்களுக்குத்தான் வரும்" என்றான் பையன். இந்தப் புகழ்ச்சியில் மயங்கி நானும் இரண்டு நாள் அதிகாரியாக உட்கார்ந்தேன். என்ன கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. சங்கடம் என்னவென்றால், கேட்பதற்கு முன்பே தயாராக இருந்தது. "உங்கள் சம்பளம்..." என்று நான் ஆரம்பித்தால் கம்பெனியின் தலைமை ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான்.

மூன்றாம் நாள் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த வக்கீல் அம்மாள் அமெரிக்காவிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் தோன்றினாள். பையனின் அனுமதியோடு நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். வக்கீல் என்றால் சாமர்த்தியமான பதில்களைச் சொல்லிக் கொடுப்பவர் என்பது என் எண்ணம். அந்த அம்மாள் முதலில் செய்த காரியம், அவன் எழுதி வைத்திருந்த பதில்களையெல்லாம் ஓரமாக வைக்கச் சொன்னதுதான்.

"மனப்பாடம் பண்ணாதே. உன் பெயரில் போயிருக்கும் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படி. அதில் வேலை என்ன, இடம் எது, சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதுதான் உன் பதில். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல். பொய் மட்டும் வேண்டாம்" என்றாள். வேண்டுமென்றே முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லிவிட்டால், அந்த நாட்டுச் சட்டப்படி ஆயுள் முழுவதும் கதவு மூடிக்கொள்ளும். அதிகாரி மறுத்துவிட்டால் கோர்ட்டுக்குப் போவதும் அநேகமாக நடக்காத காரியம். கான்ஸல் அதிகாரியின் விஸா முடிவுக்குள் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பதை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2024-லும் மறுபடி உறுதி செய்திருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் வக்கீலும் கூட வந்து நிற்க முடியாது. ஆக, சட்ட உதவி எல்லாம் வாசற்படி வரைக்கும்தான். உள்ளே போகிறவன் தனியாள்.

இடையில் அவள் சொன்ன ஒரு விஷயத்தில் என் மனம் நின்றுவிட்டது. சுற்றிப் பார்க்கப் போகிறவர், திரும்பி வந்துவிடுவேன் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். தங்கிவிடத்தான் வருகிறார் என்பதே சட்டத்தின் ஆரம்ப அனுமானம். எச்-1பிக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1990-ல் செய்த சட்டத்தின்படி, வேலை முடிந்தால் திரும்பும் எண்ணமும், முடிந்தால் அங்கேயே குடியேறும் எண்ணமும் ஒரே மனிதனிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம். அது குற்றமல்ல. மனிதனுக்கு இரண்டு மனசு உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். கூடவே கண்டிப் பாட்டியின் ஞாபகம் வந்தது.

பாட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

கடல் தாண்டிப் போகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் பிஜித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகள் போன காலத்தில், 1883-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது. ஆள்கட்டி அழைத்து வருபவனைப் பதிவு அதிகாரி தனியாக நிறுத்தி, எங்கே போகிறாய், என்ன ஒப்பந்தம், மனம் ஒப்பித்தான் போகிறாயா என்று விசாரிக்க வேண்டும். காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் பதிலைச் சொல்லிக் கொடுத்தவன் யார்? வாசலுக்கு வெளியே காத்திருக்கும் அதே ஆள்கட்டி. அந்த நாளில் ஏழைக்கு வாய்த்த சட்ட ஆலோசகர் அவர்தான்!

உண்மையான வக்கீல் கிடைத்தவர்களும் உண்டு. 1894-ல் நேட்டாலில், எஜமான் அடித்ததில் பல் உடைந்து வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இளம் பாரிஸ்டர் முன் வந்து நின்றான் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி. பாரிஸ்டர், காந்தி. தலைப்பாகையை முதலில் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் மாஜிஸ்திரேட்டுமாக அலைந்து, அவனை வேறு எஜமானிடம் மாற்றிக் கொடுத்தார். ஆனால் கடல் தாண்டிய பிறகு கிடைத்த உதவி அது.

நம் திண்டுக்கல் சமவெளியிலிருந்து போனவர்களில் அநேகர் நேட்டாலுக்குப் போகவில்லை. கண்டிச் சீமைக்குப் போனார்கள். இலங்கை பக்கத்து வீடு மாதிரி. ஒப்பந்தக் கூலிச் சட்டங்களிலிருந்து அதை விலக்கி வைத்திருந்தார்கள். ஆகவே 1922-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில் போகிறவனைப் பார்த்து "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. கங்காணி வருவான், சொந்தக்காரனாகவே இருப்பான். முன்பணம் கொடுப்பான். எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் தகர டிக்கெட் ஒன்றைக் கழுத்திலோ கையிலோ கட்டிவிடுவார்கள். 1875-லேயே திண்டுக்கல்லுக்கு ரயில் வந்துவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி இன்னும் சுலபம். திண்டுக்கல்லில் ஏறி மதுரை, மானாமதுரை வழியாக மண்டபம். அங்கே முகாமில் சில நாள் நிறுத்தி நோய் நொடி பார்ப்பார்கள். அப்புறம் தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். உடம்பைப் பரிசோதித்தார்களே தவிர, மனசைக் கேட்கவில்லை.

கேட்கிற நாள் பின்னால் வந்தது. பேரன் காலத்தில் வந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பிப்ரவரியில். அந்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, பாட்டனும் முப்பாட்டனுமோ அந்த மண்ணில் பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. லயத்து அறையில் பிறந்தவனுக்கு அதற்கெல்லாம் காகிதம் ஏது? 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு, பார்லிமெண்டுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பியவர்கள் ஒரே எழுத்தில் நாடற்றவர்களானார்கள். 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் மனுப் போடலாம். கல்யாணமானவர்கள் 1946 ஜனவரிக்கு முன் ஏழு வருஷமும், ஆகாதவர்கள் பத்து வருஷமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஒரு தடவை ஊருக்குப் போய் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் வாசம் அறுந்துபோகும். மனுவுக்குக் கெடு இரண்டு வருஷம், 1951 ஆகஸ்டு 5 வரை.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. மானமுள்ள தீர்மானம்தான், ஆனால் காலண்டருக்கு மானம் தெரியாது. கெடு நெருங்கியபோது மனதை மாற்றிக்கொண்டு, மனுப் போடுங்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சொன்னார்கள். கடைசி மாதங்களில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. மொத்தம் சுமார் 2,37,000 மனுக்கள், 8 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்காக. அதற்கப்புறம் வருஷக்கணக்காக விசாரணை. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

இனி பாட்டி கதை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்தாள். 1970-களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பியவள். 'கண்டிப் பாட்டி' என்றால்தான் யாருக்கும் தெரியும். அவளுடைய தகப்பனாரும் 1951-ல் மனுப் போட்டவர்களில் ஒருவர். டவுனில் தொழிற்சங்க ஆபீசிலிருந்து ஒரு பிள்ளையாண்டான் வந்து பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தானாம். விசாரணைக்குக் கூப்பிட்டபோது பக்குவமும் சொன்னானாம்: "என் வீடு இதுதான், என் பிழைப்பு இதுதான், இங்கேயே இருந்து இங்கேயே சாவேன், இதை மட்டும் சொல்லும் பெரியவரே, வேறே பேசாதீர்." பெரியவர் இரண்டு ராத்திரி லயத்து வாசலில் நடந்தபடி அதையே சொல்லிச் சொல்லிப் பழகினார். பொய்யும் அல்ல. அவர் பெண்டாட்டியைப் புதைத்தது அந்த மண்ணில். பிள்ளைகள் பிறந்தது அங்கே.

"போனாரு தம்பி. கோட்டுப் போட்ட ஐயா ஒருத்தரு உக்காந்திருந்தாரு. மொதக் கேள்வியே, 'எந்த ஊரு?'ன்னாரு. எங்கப்பாவுக்கு அதுக்கு ஒரு பதிலுதான் தெரியும். 'வேடசந்தூரு பக்கமுங்க'ன்னுட்டாரு."

தமிழனைப் பார்த்து 'எந்த ஊர்?' என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? சென்னையில் நாற்பது வருஷமாகக் குடியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நத்தம் என்பார், நிலக்கோட்டை என்பார், இன்னும் உள்ளே போய் வரைபடத்தில் இல்லாத ஒரு பட்டியைச் சொல்லுவார். குலதெய்வம் இருக்கிற இடம், பங்காளி இருக்கிற இடம், பெண் கொடுத்து எடுக்கிற இடம் அது. நிரந்தரமாக அங்கே தங்கும் உத்தேசம் என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் அந்த விசாரணைகளின் அடியில் ஓடிய சந்தேகம் ஒன்றே ஒன்று: இவன் இங்கே நிலையாக இருக்கப் போகிறவனா, ஊருக்குத் திரும்பும் நினைப்புள்ளவனா? ஊருக்கு அனுப்பிய மணியார்டரும், திருவிழாவுக்குப் போய்த் தங்கிய நாட்களும் பலருக்கு எதிராக நின்றன. பெரியவரின் மனு தள்ளுபடியாயிற்று. அந்த ஒரு வார்த்தையால்தான் என்று பாட்டி கடைசி வரையில் நம்பினாள். காகிதக் குறைகளும் இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையாண்டான்மேல் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. பதிலைக் கற்றுக் கொடுத்தானே தவிர, அவர்கள் எதைக் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. ஒருவேளை அவனுக்கே தெரிந்திராது. நூற்றுக்கணக்கான பாரங்களை நிரப்பியவன், பாவம்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் டில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மிச்சத்தை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜனங்களைப் படி வைத்து அளந்தார்களே தவிர, அவர்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை. இந்தியாவுக்கென்று மனுப் போட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். ஒதுக்கிய கணக்கைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு.

பாட்டியும் அவள் புருஷனும் இந்தியாவுக்குப் போட்டார்கள். கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதர் காரியாலயத்துக்குப் போனார்களாம். "அங்கயும் அதே கேள்விதான் தம்பி. 'இந்தியாவிலே எந்த ஊரு?' எங்கப்பா சொன்னதையே சொன்னேன். இந்தத் தடவ பாஸு!" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கும்போது இட்லித் துணியால் வாயை மூடிக்கொள்வாள்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம். பாட்டன் நோய் பரிசோதனைக்கு நின்ற அதே மண்டபம் முகாமில் இப்போது பேத்திக்குக் குடும்ப அட்டை. சிறு தொழிலுக்குக் கடன் கொடுத்தார்கள்; கொழுந்து கிள்ளிய கைக்கு வியாபாரம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பியவர்களுக்காகவே 1969-ல் ரெப்கோ வங்கி ஏற்பட்டது. வேடசந்தூர்ப் பக்கத்து ஊருக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தாள். பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்களாம். மறு பஸ்ஸில் திண்டுக்கல் வந்துவிட்டாள்.

இலங்கையில் தங்கியவர்களில் எஞ்சிய நாடற்றவர்களுக்கு வழி பிறக்க 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்குள் பாட்டி போய்விட்டாள்.

பையனுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது மாமா?" என்றான். வக்கீல் அம்மாளிடமே கேள் என்றேன். கேட்டான். "பாஸ்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் சொல். அதற்கு மேல் கேட்டால் உண்மையைச் சொல்" என்று பதில் வந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தான். பிறந்த இடம்: திண்டுக்கல்.

நேர்முகம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. கம்பெனி என்ன செய்கிறது, நீ என்ன செய்வாய், என்ன படித்தாய். அவ்வளவுதான். ஊரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அன்று சாயங்காலம் பாட்டியின் மகள் வீட்டுக்குப் போய், அந்தப் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். ஓரம் செல்லரித்திருந்தது. போட்டோவில் பாட்டிக்கு நாற்பது வயதுகூட இராது. கீழே, பிறந்த இடம் என்ற கோட்டில், யாரோ ஒரு குமாஸ்தா நீல மசியில் அழகாக எழுதியிருந்தார்: ஹட்டன்.