ஒலித்தட்டுச் சான்றும் தமிழொலி ஆராய்ச்சியும்

கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் ஆராயப் புகுவார் முதற்கண் எழுத்துச் சிதைவையும் பாட வேறுபாட்டையும் நோக்குவர். பழைய இசைத்தட்டைக் கையாளும்போது மட்டும் அவ்விழிப்பு நம்மவரிடம் காணப்படுவதில்லை. தட்டில் கேட்பது பாடியவர் குரலே, அதில் ஐயுற என்ன உளது என்று வாளாவிருந்துவிடுகின்றனர். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த அலை. அது வெப்பம் 20 பாகையாக உள்ள காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பாலவாக்கம் கடற்கரையை அடுத்து வாழ்வார் ஒன்றை அறிவர்: கடற்காற்று வீசும் மாலையில் அலையோசை தெருவின் உள்ளேயும் கேட்கும், நிலக்காற்று வீசும் விடியலில் அவ்வோசை ஒடுங்கும். காற்று செல்லும் திசையில் ஒலியலை நிலம் நோக்கி வளைதலும், எதிர்த்திசையில் மேனோக்கி வளைதலுமே இதற்குரிய காரணங்களுள் தலையாயது. ஆகவே கேட்பான் பெறும் ஒலி, பிறந்த ஒலியே அன்று. இடையில் நின்ற பொருளால் மாற்றம் எய்திய ஒலி. தொல்காப்பியனார் பிறப்பியலில் உந்தியில் எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று எழுத்தாதலைக் கூறி, இறுதியில் அகத்தெழும் வளியின் அளபை மறைநூலுக்கு விட்டு, புறத்தே இசைக்கும் ஒலிக்கே தாம் இலக்கணம் கூறியதாக வரையறுத்தார். அளக்கத் தகுவது எது என்று எல்லை கட்டிக்கொண்ட அவர் நேர்மை ஒலித்தட்டு ஆராய்வார்க்கும் வேண்டும்.

1857-இல் பிரான்சு நாட்டு இசுக்காட்டு என்பார் புகைக்கரி பூசிய தாளில் ஒலியலையை வரையும் கருவியை அமைத்தார். அவர் நோக்கம் ஒலியைக் கண்ணால் காண்டலே. மீட்டுக் கேட்டல் அன்று. 1860-இல் அவர் வரைந்த ஒரு பாட்டின் கோட்டை 2008-இல் அறிஞர் ஒலியாக மாற்றியபோது இளம்பெண்ணின் குரல் எனக் கருதினர். அடுத்த ஆண்டே, உடன் வரையப்பட்டிருந்த இசைக்கவையின் அதிர்வெண் இருமடங்காகக் கொள்ளப்பட்டமை புலனாயிற்று. விரைவைப் பாதியாகக் குறைத்ததும் அது ஆடவர் குரலாயிற்று. இசுக்காட்டின் குரலே ஆதல் கூடும் என்பர். விரைவு ஒன்று பிழைத்தமையால் பாடியவர் பாலே திரிந்தது காண்க!

எடிசன் 1877-இல் உருளையையும், பெர்லினர் 1887-இல் தட்டையும் கண்டனர். பின்னர் இத்தட்டுகட்குப் பொருளாய் அமைந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டினின்றே சென்றது. 1902-இல் கல்கத்தாவில் கௌகர் சான் பாடிப் பதிந்தவை, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறலுடன் நிற்கும். தட்டுகள் அச்சாகிய ஆனோவர் நகரத்தார் பாடியவரை அறிதற்பொருட்டு அவ்வாறு கூறினர் என்ப.

மின்முறைப் பதிவு வந்த 1925-க்கு முன், பாடுவார் ஒரு பெருங்குழலின் வாயில் நின்று உரக்கப் பாடல் வேண்டும். அக்குழலின் ஆற்றலே ஊசியை அசைத்தது. அது பற்றிய அதிர்வுகள் ஏறத்தாழ நொடிக்கு 250 முதல் 2500 வரையினவே. மாந்தர் செவியோ 20 முதல் 20000 வரை கேட்கும். உரசொலியின் வலிமை பெரும்பாலும் 4000-க்கு மேல் நிற்பது. எனவே ஒருவர் சகரத்தை வெடிப்பொலியாகக் கூறினாரா, உரசொலியாகக் கூறினாரா என்று அக்காலத் தட்டைக் கொண்டு துணிதல் அரிது. கிரியர்சன் மேற்பார்வையில் 1913 முதல் 1929 வரை எழுந்த இந்திய மொழிப் பதிவுகளிலும் இவ்வரம்பை உளங்கொள்ளல் வேண்டும். அவருடைய மொழியாய்வு சென்னை மாகாணத்தை விடுத்துச் சென்றது. ஆதலின் இத்தட்டுகள் நமக்கு அரியவை. அரிய சான்றாதல் பற்றியே அதனை மிகைபடக் கொள்ளுதல் கூடாது.

தட்டின் விரைவு நிமிடத்திற்கு 78 சுற்று என்பர். தொடக்ககாலத்தில் அது நிலையாக நிற்கவில்லை. ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவு மிகின் சுருதி அரைக்கட்டை உயரும். நான்கு கட்டையில் பாடியவர் நாலரையில் பாடியவராகத் தோன்றுவர். பழம் பாடகர் சுருதி பற்றி எழுந்த வாதங்களுட் சில இதனை எண்ணாமல் எழுந்தவை என்பது எம் கருத்து. உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதி வேறு சான்றால் தெரியுமாயின், அதனைக் கொண்டு தட்டின் விரைவைத் திருத்தலாம். தம்பூரா ஒன்றே ஒலிப்பின் அதற்கும் வழியில்லை.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவினது. வீணை தனம்மாள் (1867–1938) 1930-களில் பதிந்தவை இவ்வெல்லைக்குள் அடங்கியன. விளம்ப நடைக்குப் பெயர்பெற்ற அவர், ஓர் இராகத்தை வீட்டில் எத்துணை நேரம் விரித்தார் என்பதற்குக் கேட்டார் எழுதிவைத்த குறிப்பே சான்றாகும், தட்டு சான்றாகாது.