மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பள்ளியில் இடமோ உதவியோ மறுக்கப்பட்டால்: பெற்றோருக்கான சட்ட உதவி வழிகாட்டி

கண்ணோட்டம்

"இங்குத் தனியாகக் கவனிக்க ஆளில்லை, சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்." மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் பலர் இச்சொற்களைக் கேட்டுத் திரும்பியுள்ளனர். மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் இதன் சுமை மேலும் கூடுதல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம் ஆகிய மூன்றும் சேலத்தில் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே யாரை, எந்த ஆவணத்துடன், எந்த வரிசையில் அணுகுவது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நன்று.

சட்டம் உங்கள் குழந்தைக்கு அளிக்கும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியன அவற்றுள் சில.

- பிரிவு 16: அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிக் குழந்தையைச் சேர்க்க வேண்டும், அதன் தேவைக்கேற்ற வசதியையும் தனிப்பட்ட உதவியையும் அளிக்க வேண்டும்.
- பிரிவு 17: தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப்பாட விலக்கு போன்ற மாற்றங்களுக்கு வழிசெய்கிறது.
- பிரிவு 31: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.

கல்வி உரிமைச் சட்டம், 2009, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனினும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16, அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளையும் குறிக்கிறது. தனியார் பள்ளிகள் மிகுந்த ஏற்காடு பகுதிப் பெற்றோர் இதனை நினைவிற்கொள்க.

வீட்டுவழிக் கல்வி யாருடைய முடிவு?

கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கச் சட்டம் இடமளிக்கிறது. அது குழந்தைக்கு அளிக்கப்பட்ட தெரிவுரிமை ஆகும். பள்ளி தன் வசதிக்காகத் திணிக்கும் ஏற்பாடு அன்று.

மருத்துவ ஆவணங்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் (யு.டி.ஐ.டி.) இணையவழியில் விண்ணப்பிக்கலாம். சான்றிதழில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் இருக்கும். வகுப்பறையில் குழந்தைக்கு என்ன தேவை என்பதை அது கூறாது. ஆகவே மருத்துவரிடம் தனியே ஒரு குறிப்பு எழுதித் தரக் கேளுங்கள். முன்வரிசை இருக்கை, எழுதக் கூடுதல் நேரம், கழிப்பறைக்குச் செல்ல உதவி, மருந்து தர வேண்டிய வேளை, வலிப்பு வந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியவை என அது தெளிவாக அமைய வேண்டும். "சிறப்புக் கவனம் தேவை" என்ற ஒற்றை வரியால் பள்ளிக்கும் பயனில்லை, வழக்குக்கும் பயனில்லை.

சான்றிதழ் கைக்கு வரும்வரை பள்ளியில் சேர்க்கக் காத்திருக்க வேண்டாம். பிரிவு 16 குறைபாட்டிற்குக் குறைந்தபட்ச சதவீதம் எதையும் விதிக்கவில்லை.

முறையிடும் படிகள்

1. முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். ஆசிரியரின் இடர்ப்பாட்டையும் கேளுங்கள். பல சிக்கல்கள் இந்நிலையிலேயே தீர்கின்றன.
2. தீராவிடில், கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் பெறுங்கள். வாங்க மறுத்தால் விரைவஞ்சலில் பதிவு செய்து, வழங்கியதற்கான சான்று கோரி அனுப்புங்கள். வாய்மொழி மறுப்புக்குச் சான்று இராது.
3. ஏற்காடு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரின் உதவியைக் கோருங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு அளியுங்கள்.
4. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அன்றே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் சந்தித்தால் ஒரு பயணம் மிஞ்சும்.
5. அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவரது பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கையை, அல்லது ஏற்காததற்கான காரணத்தை, உரிய அதிகாரி 3 மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இச்சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை ரூ.10,000 வரையும், மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கப் பிரிவு 89 வகைசெய்கிறது.

இலவச சட்ட உதவி

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பிரிவு 12இன்படி, குழந்தைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். பழங்குடியினரான மலையாளி சமூகத்தினருக்கும் இது பொருந்தும். சாதிச் சான்றிதழ் இன்னும் கிடைக்காத குடும்பமும் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். குழந்தை என்பதே போதிய தகுதி. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மனு எழுதுதல், வழக்கறிஞர் நியமனம், நீதிமன்றக் கட்டணம் ஆகியன இவ்வுதவியில் அடங்கும்.

துணைநிற்கும் தீர்ப்புகள்

- 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இல்லாதவர்க்கும் தேவையிருப்பின் சொல்வதை எழுதுபவரை மறுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது.
- 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், சிறப்பாசிரியர் விகிதத்தை இடைக்கால ஏற்பாடாக, மூளை முடக்குவாதமுள்ள 8 மாணவர்க்கு ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ள 5 மாணவர்க்கு ஒருவர் எனக் குறைபாட்டின் வகைக்கேற்ப வகுத்தது.

நினைவிற்கொள்க

மனுவின் நகல், ஒப்புதல் சீட்டு, மருத்துவக் குறிப்பு, அதிகாரிகளைச் சந்தித்த தேதிகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். முறையீடு நடைபெறும் காலத்திலும் சிகிச்சையையும் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். குழந்தையைப் பள்ளி அடித்தாலோ, தனியே பூட்டி வைத்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள். காயம் இருப்பின் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று பதிவு செய்யுங்கள்.

இப்பக்கம் பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. உங்கள் குழந்தையின் நிலைக்கேற்ற ஆலோசனையை மருத்துவரிடமும் சட்ட உதவி வழக்கறிஞரிடமும் பெறுங்கள்.