தொறு மீட்டல்

பகைவர் கவர்ந்து சென்ற மாட்டு மந்தையைப் போரிட்டுத் திரும்பக் கொண்டுவருவது தொறு மீட்டல் எனப்படும். 'தொறு' என்பது மந்தையைக் குறிக்கும் பழஞ்சொல். தருமபுரிப் பகுதி நடுகற்களில் இத்தொடர் பல இடங்களில் வருகிறது. இலக்கியத்தில் இதற்குக் கரந்தை என்று பெயர். தொல்காப்பியம் கரந்தையை வெட்சித் திணைக்குள் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணை ஆக்குகிறது.

நடுகற்களில்

பழைய தகடூர் நாடான தருமபுரியிலும், 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நடுகற்கள் மிகுதி. மேய்ச்சலை நம்பிய இந்நிலத்தில் மாடே செல்வம். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் எனப் பல அரசுகளின் ஆட்சி இங்கு மாறிமாறி நடந்தது. பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் உள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர் ஆகியவற்றைச் சொன்னபின் அவன் இறந்த விதத்தைக் கூறுகின்றன. மந்தையைக் கவரும்போது இறந்தவன் 'தொறுக்கொண்டு பட்டான்'. காக்கும்போது இறந்தவன் 'தொறு மீட்டுப் பட்டான்'. 'மீட்டு' என்பதற்குப் பதில் 'விடுவித்து' என்று வருவதும் உண்டு. 'பட்டான்' என்றால் இறந்தான். இரு தரப்பினருக்கும் கல் எடுக்கப்பட்டது.

இரு சொற்கள்

விடுவித்தல் 'விடு' என்னும் வேரிலிருந்து வருவது. பிடியிலிருந்து அகற்றுதல் அதன் பொருள். வீடுபேறு, விடுதலை ஆகியவையும் இவ்வேரினவே. மீட்டல் 'மீள்' என்பதன் பிறவினை. உரிய இடத்துக்குத் திரும்பச் செய்தல் அதன் பொருள். ஆகவேதான் கைதியை விடுவிக்கிறோம். அடகு நகையை மீட்கிறோம்.

இன்றைய வழக்கு

'கொத்தடிமைகள் மீட்பு' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. செங்கல் சூளையிலிருந்தோ குவாரியிலிருந்தோ ஒரு குடும்பத்தை அழைத்து வருவது மீட்பு. ஆனால் அவர்களைக் கட்டியிருந்தது வேலியன்று, முன்பணக் கடன். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அக்கடனை இல்லாததாக்குகிறது. இதை உறுதிசெய்து அதிகாரிகள் வழங்குவது விடுவிப்புச் சான்று. அது கையில் இல்லாத குடும்பத்திடம் பழைய முதலாளி மீண்டும் கடன் கேட்டு வரலாம். மறுவாழ்வு உதவி பெறுவதும் கடினம். மீட்பு நடந்தபின்னும் விடுவிப்பு மிச்சமிருக்கலாம் என்பதால், இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வது பிழை. நடுகல்லில் மீட்டவனின் பெயர் பொறிக்கப்பட்டது. விடுவிப்புச் சான்றில் இருப்பது மீண்டவரின் பெயர்.