பின்னால் ஒரு என்ஜின்

மும்பைத் தமிழர்களுக்குக் கர்ஜத் என்றால் உருளைக்கிழங்கு வடைதான். ஊருக்குப் போகும் ரயில் அங்கே சில நிமிடம் நிற்கும். வடைக்காரர்கள் ஜன்னல்களை மொய்ப்பார்கள். வண்டி நிற்பது வடைக்காக அல்ல, மலையேறும்போது பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் என்ஜின்களைக் கடைசிப் பெட்டியில் கோப்பதற்காக என்று எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கார்டுக்குக் கடைசிப் பெட்டி என்பதால் பேங்கர் வந்து முட்டுவது அவர் முதுகில்தான்.

"அந்த என்ஜினையும் முன்னாலேயே மாட்டினா என்ன மாமா?"

"மாட்டலாம் மருமவனே. மொத்தப் பாரத்தையும் முதல் கப்ளிங்தானே தாங்கணும்? அது அறுந்தா நீயும் நானும் உருண்டு கர்ஜத்துக்கே வந்துருவோம்."

மலை ரயிலின் சூட்சுமம் பெரும்பாலும் இந்தப் பதிலுக்குள் வந்துவிடுகிறது. முன்னால் எத்தனை என்ஜின் இருந்தாலும் அத்தனையின் இழுப்பும் ஒரே கப்ளிங் வழியாகத்தான் போயாக வேண்டும். பின்னாலிருந்து தள்ளும்போது பாரம் பிரிகிறது. முன்பக்கத்துப் பெட்டிகள் இழுபடுகின்றன, பின்பக்கத்துப் பெட்டிகள் தள்ளப்படுகின்றன. இடையில் ஏதோ ஓரிடத்தில் இழுப்பும் இல்லை, நெருக்கலும் இல்லை. இரண்டு டிரைவர்களும் விசையைக் கூட்டவும் குறைக்கவும் அந்த இடம் வண்டிக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும்.

கர்ஜத்திலிருந்து லோனாவ்ளா 28 கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் 560 மீட்டர் ஏற வேண்டும். போர் காட் எனப்படும் இந்தக் கணவாயில் செங்குத்தான இடங்களில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி வகுத்த பாதை இது. 25 சுரங்கங்கள், வேலை உச்சத்தில் இருந்த 1861இல் 42,000 பேருக்கு மேல் கூலிக்கு இருந்தார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இங்கே வந்த வேகத்தில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து வேலையை முடித்தார். ரயில்வே வரலாறுகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பது அபூர்வம். 1863இல் பாதை திறந்தபோது பெர்க்லியும் உயிரோடு இல்லை. 1871இல் இதே தண்டவாளத்தின் நீட்சி ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது. நம் ஆட்கள் பம்பாய்க்கு ரயிலேறிய கதை அங்கே தொடங்குகிறது.

தொடக்ககாலத்தில் இன்னொரு விநோதமும் இருந்தது. கண்டாலாவுக்குக் கீழே மலை வளைய இடம் தராததால், வண்டி ஒரு முட்டுச்சந்தில் போய் நின்று, திசை மாறி மறுபடி ஏறும். அதுவரை முன்னால் இருந்த பெட்டி அதன் பிறகு கடைசிப் பெட்டி. 1929இல் புதிய சுரங்கங்கள் வந்து அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டின. அதையொட்டி மின்சாரமும் வந்தது. காட் ஏறுவதற்கென்றே நீண்ட மூக்குள்ள டபிள்யூசிஜி-1 என்ஜின்களும் வந்தன. சக்கரங்களைப் பிணைத்த தண்டுகள் பக்கவாட்டில் அசைவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கேக்டா', அதாவது நண்டு. பொருத்தமான பெயர்.

என்ஜின்களைவிட எனக்கு ஆச்சரியம் பேங்கரில் இருந்த டிரைவர்தான். சிக்னல் அவருக்குத் தெரியாது, தண்டவாளம் தெரியாது. கண்ணெதிரே தெரிவதெல்லாம் கார்டு பெட்டியின் பின்சுவர். பதினைந்து இருபது பெட்டிக்கு அப்பால் இருக்கும் சகாவோடு பேச்சு விசிலில்தான். முன்னவர் அடிப்பார், பின்னவர் பதில் அடிப்பார், அப்புறம் வண்டி நகரும். மழைக்காலத்தில் அருவிச் சத்தத்தில் விசில் அமுங்கிப்போகும் என்பார் மாமா. முன்னவர் விசையைக் குறைத்தது தெரியாமல் பின்னவர் முழுமூச்சாகத் தள்ளினால் வளைவில் பெட்டி தண்டவாளத்தை விட்டு எகிறக்கூடும். வாக்கிடாக்கி வந்ததும் இந்தக் கலைக்கு வேலை குறைந்தது. குறைந்தது நல்லதுதான், காதை நம்பி ஆயிரம் பேரை மலையேற்றுவது வீரமாக இருக்கலாம், நல்ல ஏற்பாடு அல்ல.

அமெரிக்காவில் 1960களிலேயே ரேடியோ வழியாக முன் என்ஜின் டிரைவரே நடு என்ஜினையும் இயக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே 2022 ஆகஸ்ட் 15 அன்று கோர்பாவிலிருந்து நிலக்கரியோடு புறப்பட்ட 'சூப்பர் வாசுகி'க்கு 295 வேகன், 6 என்ஜின், நீளம் மூன்றரைக் கிலோமீட்டர். ஐந்து சரக்கு வண்டிகளைக் கோத்து ஒன்றாக்கியது அது.

பக்கத்துக் கணவாயான கசாராவில் 2019 முதல் மும்பை–டெல்லி ராஜதானி பேங்கருக்காக நிற்பதில்லை. இரு முனையிலும் ஒவ்வொரு என்ஜின். முன்னால் இருப்பவரே இரண்டையும் ஓட்டுகிறார். செய்தியைப் படித்துக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பின்னால ஆளே இல்லையா? சரி, கார்டு யாருகிட்டல பேச்சுக் குடுப்பான்?"