தூத்துக்குடி ஆலையில் கரியமில வாயு பிடிப்பு: புகையே மூலப்பொருள்

தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையில் இருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் பிரிவு 2016-ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு சுமார் 60,000 டன் வாயுவைப் பிடிக்கக்கூடிய இப்பிரிவு, அரசு மானியமின்றி அமைக்கப்பட்டதால் உலக அளவில் கவனம் பெற்றது.

ஐஐடி காரக்பூரில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் ஆகியோர் நிறுவிய 'கார்பன் கிளீன்' நிறுவனம் இதன் தொழில்நுட்பத்தை வழங்கியது. புகை ஒரு கோபுரத்துக்குள் மேலெழும்போது, மேலிருந்து பொழியும் கரைப்பான் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் கரைப்பானைச் சூடேற்றினால் வாயு தனியே பிரிகிறது. கரைப்பான் மீண்டும் கோபுரத்துக்குச் செல்கிறது. இந்தச் சூடேற்றலே அதிக எரிசக்தியை விழுங்கும் கட்டம். வழக்கமான அமீன் கரைப்பான்களைவிட இதற்குக் குறைந்த வெப்பமே போதும் என்றும், ஒரு டன்னுக்கு சுமார் 30 டாலரே செலவாகும் என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது.

பிரித்த வாயுவில் இருந்து சோடா ஆஷ் எனப்படும் சோடியம் கார்பனேட் தயாரிக்கப்படுகிறது. வாயு தடையின்றித் தேவைப்படும் ஆலைக்கு இது லாபமே. ஆனால், இதனைச் சேமிப்பு என்று கூறிவிட இயலாது. கண்ணாடி உலையில் சோடா ஆஷ் உருகும்போது அதே வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது.

நிரந்தரச் சேமிப்புக்கு நிலத்தடியையே நாட வேண்டும். ஐஸ்லாந்தில் பசால்ட் பாறைக்குள் செலுத்தப்பட்ட வாயுவில் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாக மாறியது. இந்தியாவில் அத்தகைய பாறை தக்காணப் பீடபூமியில் பரந்து கிடக்கிறது.