கோளை விழுங்கும் பொம்மை

ஆர்சன் வெல்ஸ் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு 'சிட்டிசன் கேன்' (1941) நினைவுக்கு வரும். வானொலி வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்கு 1938 அக்டோபரில் அவர் ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம் நினைவுக்கு வரலாம். 1985 அக்டோபர் 10ஆம் தேதி, எழுபதாவது வயதில் அவர் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, பிற கோள்களைத் தின்று வாழும் ஒரு ராட்சதக் கோளுக்குக் குரல் கொடுத்து முடித்திருந்தார். அந்தக் கோளின் பெயர் யூனிக்ரான். படத்தின் பெயர் 'தி டிரான்ஸ்பார்மர்ஸ்: தி மூவி'. பொம்மை விற்பதற்காக எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரின் திரைவடிவம் அது.

இந்தச் செய்தியை ஒரு மேதையின் வீழ்ச்சியாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் அந்த யூனிக்ரானையே பொம்மையாகப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றால் சுமார் 69 சென்டிமீட்டர் உயரம். கோளாகச் சுருண்டால் அதன் வளையம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் அகலம். எட்டரைக் கிலோவுக்கும் சற்றே அதிகமான எடை. குழந்தை தூக்கக்கூடிய பொருளன்று அது. பெரியவர்களே இரு கைகளாலும் மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். விளையாட்டுப் பொருள் ஒன்று எப்படி இந்த நிலைக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வி அன்று எழுந்தது. இக்கட்டுரை அதன் தொடர்ச்சி.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1972இல் தொலைக்காட்சிக்கு வந்த 'மாஸிங்கர் இசட்' தொடரின் வெற்றிக்குப் பின், 1974இல் பாப்பி என்ற நிறுவனம் 'சோகோகின்' என்ற பெயரில் வார்ப்பு உலோகப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்தவை அவை. கையில் எடுத்தால் குளிர்ச்சியும் கனமும் தெரியும். அந்தக் கனமே அவற்றின் கவர்ச்சி. அதே காலத்தில் டகாரா நிறுவனம் 'மைக்ரோமேன்' (1974), பின்னர் 'டயாக்ளோன்' (1980) என்று வேறொரு வழியில் போயிற்று. டயாக்ளோன் வரிசையில் 1982இல் வந்தவைதாம் காராக மாறும் ரோபோக்கள். சாலையில் ஓடும் உண்மையான கார் எழுந்து நின்று மனித வடிவம் கொள்ளும் என்பது மிக எளிய கற்பனைதான். ஆயினும் அதைக் கீல்களாலும் திருகுகளாலும் செய்து காட்டுவது எளிதன்று. காரின் கதவு ரோபோவின் தோளாக வேண்டும். முன்மூடி மார்பாக வேண்டும். எந்த வடிவத்திலும் மற்றது தெரியக்கூடாது. சிலேடைக் கவிதை எழுதுபவனுக்குள்ள இடர்ப்பாடு இது. ஒரே சொற்கோவை இரு பொருளும் தர வேண்டும், இரண்டும் இயல்பாக ஒலிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இந்தப் பொம்மைகளை வாங்கி, 1984இல் டிரான்ஸ்பார்மர்ஸ் என்று பெயரிட்டு விற்றது. ஜப்பானியப் பொம்மைகளில் ரோபோவுக்குள் ஒரு சிறு மனிதன் அமர்ந்து ஓட்டுவான். அமெரிக்காவில் அவனை நீக்கிவிட்டு ரோபோவுக்கே உயிரும் பெயரும் கொடுத்தார்கள். பெயர்களில் பெரும்பாலானவற்றையும் குணச்சித்திரங்களையும் எழுதியவர் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் புடியான்ஸ்கி. தலைவனின் பெயரான ஆப்டிமஸ் பிரைம் மட்டும் டென்னிஸ் ஓநீல் இட்டது. பொம்மை கையில் இருக்கிறது, அதற்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று எழுத்தாளனிடம் கேட்டிருக்கிறார்கள். இலக்கியத்தின் கூலி வேலைகளில் இதுவும் ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் செய்தவர்கள் அதை அலட்சியமாகச் செய்யவில்லை என்பதை அந்தப் பெட்டிகளின் பின்புறக் குறிப்புகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

அதே 1984இல் அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், தொலைக்காட்சியில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளைத் தளர்த்தியது. அரை மணி நேரக் கார்ட்டூன் முழுவதுமே ஒரு விளம்பரமாக இருக்கலாம் என்ற நிலை வந்தது. இந்தப் பின்னணியில்தான் 1986 ஆகஸ்டில் வெளியான திரைப்படத்தைப் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் பொம்மைகளைக் கடைகளிலிருந்து விலக்கிப் புதியவற்றை விற்க வேண்டியிருந்தது. எனவே பழையவர்களைப் படத்தில் கொன்றார்கள். ஆப்டிமஸ் பிரைம் திரையில் நிறம் வெளுத்துச் சாம்பலாகி இறந்தபோது அரங்குகளில் குழந்தைகள் அழுதார்கள். சரக்குப் பட்டியலில் ஒரு வரியை அடித்தோம் என்று நிறுவனம் எண்ணியது. குழந்தைகளோ ஒரு தந்தையை இழந்திருந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1987இல் அவனை உயிர்ப்பித்துத் தொடருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே நிறுவனத்தின் மற்றொரு கார்ட்டூன் படத்தில், இறப்பதாக வரையப்பட்டிருந்த வீரன் வெறும் மயக்கத்தில் கிடப்பதாக வசனம் மாற்றப்பட்டது. பொம்மைக்கு எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாறு அதை எழுதச் சொன்னவர்களைவிட வலிமை பெற்றுவிட்ட இடம் இது. நம்மைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிக முக்கியமான பக்கமும் இதுவே.

படத்தில் வந்த புதியவர்களில் பலருக்குப் பொம்மை வந்தது, யூனிக்ரானுக்கு வரவில்லை. மாதிரிகள் செய்யப்பட்டன, அவற்றின் புகைப்படங்கள் சேகரிப்பாளர்களிடையே உலவின, ஆனால் கடைக்கு எதுவும் வரவில்லை. கோள் அளவுக்கு ஓர் உருவத்தை எந்த அளவில் செய்வது? அடுத்த ஆண்டே வந்த நகர ரோபோவான ஃபோர்ட்ரஸ் மேக்சிமஸ் சுமார் 56 சென்டிமீட்டர் உயரத்தோடு, 2013இல் மெட்ரோபிளெக்ஸ் வரும்வரை கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த இனத்தின் மிகப் பெரிய பொம்மை என்ற இடத்தை வைத்திருந்தது. யூனிக்ரானின் முதல் பொம்மை 2003இல்தான் வந்தது. பரவாயில்லை என்று சொல்லத்தக்க பொம்மை. திரையில் கண்டதற்கு ஈடாகாது.

அதற்குள் அழுத குழந்தைகள் சம்பாதிக்கும் வயதுக்கு வந்திருந்தார்கள். 1997இல் பண்டாய் நிறுவனம் பழைய மாஸிங்கரைப் பெரியவர்களுக்கென்றே நுணுக்கமாக மறுபடி செய்தது. 2003இல் டகாராவும் ஆப்டிமஸ் பிரைமை 'மாஸ்டர்பீஸ்' என்ற பெயரில் அவ்வாறே செய்தது. பொம்மைக் கடையில் இரண்டு வாசல்கள் உண்டாயின. ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது தம் பிள்ளைப் பருவத்தை வாங்க வருபவர்களுக்கு.

2019 ஜூலையில் ஹாஸ்ப்ரோ அறிவித்தது: எண்ணாயிரம் பேர் முன்பணம் கட்டினால் யூனிக்ரானைச் செய்கிறோம், இல்லையேல் இல்லை. விலை 574.99 டாலர். ஆகஸ்ட் இறுதிவரை கெடு. கெடு முடிந்தபோது எண்ணிக்கை சேரவில்லை. அக்டோபர் தொடக்கம் வரை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பில்தான் இலக்கு எட்டப்பட்டது. பொம்மைகள் 2021இல் வீடு வந்து சேர்ந்தன. பதிப்புலகில் முன்வெளியீட்டுத் திட்டம் என்று நாம் அறிந்த அதே முறைதான். ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று தன் முதலீட்டு அச்சத்தை வாடிக்கையாளரின் தலையில் வைப்பதில் நமக்கு ஒப்புதல் இல்லை. புத்தகம் போட வழியில்லாத சிறு பதிப்பாளன் கை நீட்டுவது வேறு, இது வேறு.

இனி பொம்மையைப் பற்றி. செய்நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. கோளின் ஓட்டுத் தகடுகள் திரையில் கண்ட அதே வெளுத்த மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் பொறிக்கோடுகள் நிறைந்து இருக்கின்றன. வளையம் பிரிந்து இறக்கைகளாகிறது. கொம்புள்ள முகத்தில் தாடை அசைகிறது. விரல்கள் தனித்தனியே மடங்குகின்றன. தாங்கி நிற்கப் பீடமும் உடன் வருகிறது. அது இல்லாமல் கோள் வடிவத்தில் வைக்க இயலாது. உருமாற்றம் நாம் எதிர்பார்த்ததைவிடத் தர்க்கமானது, ஆனால் மெதுவானது. ஒவ்வொரு மூட்டும் 'கடக் கடக்' என்று பல்சக்கர ஒலியோடு நகர்கிறது. நாங்கள் இருவர் சேர்ந்து செய்தும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் குறிப்பேட்டைப் பார்த்துத் திருப்ப வேண்டும். முதுகில் குவியும் ஓடுகள் ரோபோ வடிவத்தின் அழகை ஓரளவு குறைக்கின்றன. கோளாக இருக்கும்போதுதான் அது முழுமையாக இருக்கிறது. வாயைச் சூழ்ந்த கொடுக்குகளை விரித்து ஓர் அறையின் மூலையில் வைத்தால், அறையே அதன் இரையைப்போலத் தோன்றும்.

சிட்டிசன் கேன் படத்தின் முடிவு வாசகர்களுக்கு நினைவிருக்கும். செல்வன் ஒருவன் உலகெங்கிலுமிருந்து வாங்கிக் குவித்த சிலைகள் பிரிக்கப்படாத பெட்டிகளில் கிடக்கின்றன. பயனற்றது என்று உலையில் எறியப்படும் ஒரு பொருள் மட்டும் அவன் சிறு வயதில் பனியில் சறுக்கி விளையாடிய பலகை. அப்படத்துக்காகச் செய்யப்பட்ட பலகைகளில் ஒன்றை 1982இல் 60,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். 2007இல் வந்த டிரான்ஸ்பார்மர்ஸ் திரைப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவரே. யாரும் திட்டமிட்டதல்ல.

பெட்டியைப் பிரிக்காமல் வைப்பவர்கள் இந்த உலகில் அதிகம். பிரித்தால் விலை குறையும் என்பது அவர்கள் வாதம். ஆனால் பிளாஸ்டிக் காத்திருப்பதில்லை. வெள்ளைப் பகுதிகள் காலப்போக்கில் மஞ்சளாகும். எண்பதுகளின் இறுதியில் வந்த சில பொம்மைகளில் பொன்னிறச் சுழிகள் கலந்த ஒருவகைப் பிளாஸ்டிக் பயன்பட்டது; அது தொட்டாலே பொடியாகிறது, ஒருநாளும் தொடப்படாத பெட்டிக்குள் இருந்தாலும். நண்பர் பிரித்துவிட்டார். அதற்காக அவரைப் பாராட்டினோம். இரண்டு முறை உருமாற்றியிருக்கிறாராம். மூன்றாவது முறை எங்களோடு. திரும்பவும் கோளாக்கி மூலையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.