வாக்கைக் கொண்டு மொழியை எண்ணலாமா? பொழியூர் எல்லையும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் தேர்தல்களும்

இது சற்று நீண்ட பதிவு. பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 குறித்த உரையாடல்களில் இரண்டு கூற்றுகள் எதிரெதிராக வைக்கப்படுவதுண்டு. ‘நெய்யாற்றின்கரைத் தமிழர் அன்று ஒருமுகமாக வாக்களித்திருந்தால் எல்லைக்கோடு வடக்கே நகர்ந்திருக்கும்’ என்பது ஒன்று. ‘தமிழ்க் கட்சி அங்கு வேரூன்றவில்லை, ஆகவே அங்குத் தமிழரே இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும் அடிப்படையில் ஒரே நம்பிக்கையின் மீது நிற்கின்றன: ஒருவர் அளிக்கும் வாக்கு அவருடைய தாய்மொழியைக் காட்டும் என்பதே அது. தேர்தல் எண்களைக் கொண்டு இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. இடம்

பொழியூர், திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர். நெய்யாற்றின்கரை வட்டத்தில் குளத்தூர் ஊராட்சிக்கு உட்பட்டது. தெற்கே அதே மணற்கரையில் தொடர்வது குமரி மாவட்டத்தின் நீரோடி. ‘பொழி’ என்ற சொல் ஆறு மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் வாயைக் குறிக்கிறது. இரு கரை மக்களும் அதனைத் தங்கள் சொல்லாகவே வழங்குகின்றனர். 1956க்கு முன் பொழியூர் நெய்யாற்றின்கரை வட்டத்திலும் நீரோடி விளவங்கோடு வட்டத்திலும் இருந்தன. ஒரே அரசின் இரு வட்டங்களுக்கு இடையிலிருந்த அந்த நிருவாகக் கோடே பின்னர் இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. பேச்சுமொழியை மட்டும் நோக்கினால் அக்கோட்டில் திடீரென ஒரு மொழி முடிந்து மற்றொன்று தொடங்குவதில்லை.

2. கட்சியும் அதன் தேர்தல்களும்

1945இல் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் தலைமையில் தொடங்கப்பட்ட அமைப்பு, 1946இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு என்னும் பெயரைப் பெற்றது. 1947இல் மார்ஷல் நேசமணி இதில் இணைந்த பின்னரே, நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே தோன்றிய இயக்கம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் நாடார் மக்களிடையே பரவியது. இக்கட்சியை மொழிக் கட்சி என்று மட்டும் கூறி அமைவது போதாது என்பதற்கு இப்பரவலே முதற்சான்று. மொழிக் கோரிக்கை, சமூக மதிப்புக்கான போராட்டத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது.

வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் 1948இல் நடந்த திருவிதாங்கூர்த் தேர்தலில் இக்கட்சி 14 இடங்களை வென்றது. திருவிதாங்கூர்–கொச்சி உருவானபின் நடந்த 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சட்டமன்றத்தின் 108 இடங்கள் பின்வருமாறு பிரிந்தன: காங்கிரசு 44, சோசலிஸ்டு கட்சி 11, தமிழ்நாடு காங்கிரசு 8, புரட்சி சோசலிஸ்டு கட்சி 6, கொச்சிக் கட்சியும் கேரள சோசலிஸ்டு கட்சியும் ஒவ்வோர் இடம், எஞ்சிய 37 சுயேச்சைகள். தடை காரணமாகக் கம்யூனிஸ்டுகள் சுயேச்சைகளாகவே போட்டியிட்டனர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மக்களவைக்கு நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954இல் சட்டமன்ற இடங்கள் 117ஆக உயர்ந்தன: காங்கிரசு 45, கம்யூனிஸ்டு 23, பிரஜா சோசலிஸ்டு 19, தமிழ்நாடு காங்கிரசு 12, புரட்சி சோசலிஸ்டு 9, சுயேச்சைகள் 9.

3. சிதறலும் செறிவும்

1952இல் காங்கிரசு 35 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுக்கு 41 விழுக்காடு இடங்களைப் பெற்றது. சோசலிஸ்டு கட்சி 14 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் இடங்களில் 10 விழுக்காட்டையே அடைந்தது. தமிழ்நாடு காங்கிரசு ஏறத்தாழ 6 விழுக்காடு வாக்குகளுக்கு 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றது. தன்னைவிட இருமடங்குக்கு மேல் வாக்குகள் பெற்ற கட்சியோடு ஒப்பிட, இடங்களில் மூன்று மட்டுமே குறைவு.

இதற்குக் காரணம் வாக்குகளின் எண்ணிக்கையன்று, அவற்றின் இருப்பிடம். முதலிடம் பெறுபவரே வெல்லும் முறையில் பரவிக் கிடக்கும் வாக்கு வீணாகிறது; ஓரிடத்தில் திரண்ட வாக்கு இடமாக மாறுகிறது. ஓர் எளிய கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பத்துத் தொகுதிகள், தொகுதிக்கு 10,000 வாக்குகள், ஒரு கட்சிக்கு மொத்தம் 6,000 வாக்குகள். தொகுதிக்கு 600 எனப் பரவினால் அக்கட்சி ஓரிடத்தையும் வெல்லாது. அந்த 6,000மும் ஒரே தொகுதியில் இருந்தால் அங்கே அதனை வெல்ல எவராலும் இயலாது. தமிழ்நாடு காங்கிரசின் வாக்குகள் தென் வட்டங்களிலும் தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளிலும் செறிந்திருந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழர் சிறுபான்மையர். பிற மக்களோடு கலந்து வாழ்ந்தவர்கள். அங்கு ஒருமுகமான வாக்களிப்பும் எளிதில் ஓர் இடமாக மாறியிராது. ஆகவே ஒரு கட்சி ஓரிடத்தில் வெல்லவில்லை என்பதிலிருந்து அதன் மொழியினர் அங்கில்லை என்ற முடிவுக்கு வர இயலாது.

சாதியும் சமயமும் இங்கு மொழிக்குக் குறுக்கே ஓடின. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் ஒரே நாடார் சமூகத்தில் தமிழைத் தாய்மொழி என்போரும் மலையாளத்தைத் தாய்மொழி என்போரும் உண்டு. இந்துக்களும் தென்னிந்தியத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் உண்டு. இத்தகைய குடும்பங்களின் வாக்கில் மொழியை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பது எங்ஙனம்?

4. எல்லையைத் தீர்மானித்தது எது?

வாக்கு எதையும் சாதிக்கவில்லை என்பது இதன் பொருளாகாது. 1952இல் ஏ. ஜே. ஜான் தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை தமிழ்நாடு காங்கிரசின் எட்டுப் பேரைச் சார்ந்து நின்றது; அவ்வாதரவு விலக்கப்பட்டதும் 1953 செப்டம்பரில் வீழ்ந்தது. 1954இல் 117 இடங்களில் பெரும்பான்மைக்கு 59 தேவை. காங்கிரசும் தமிழ்நாடு காங்கிரசும் சேர்ந்தால் 57; இடதுசாரிகளும் பிரஜா சோசலிஸ்டும் சேர்ந்தால் 51. இந்நிலையில் 19 உறுப்பினர்களை மட்டும் கொண்ட பிரஜா சோசலிஸ்டு கட்சியின் பட்டம் தாணுபிள்ளை, காங்கிரசின் ஆதரவோடு முதலமைச்சரானார். அவர் ஆட்சியில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே ஆட்சி பதவி விலக வேண்டும் என்றார். 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவையும் வீழ்ந்தது. சிறு கட்சியொன்றின் செறிந்த வாக்குகள், மொழிக் கோரிக்கையை எவரும் ஒதுக்கிவிட முடியாத இடத்தில் நிறுத்தின.

ஆனால் கோடு வரையப்பட்டது வேறு அளவுகோலால். பசல் அலி, குன்சுரு, கே. எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை அளித்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் உள்ளிட்ட ஒன்பது வட்டங்களைத் தமிழ்நாடு காங்கிரசு கோரியது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தை மட்டுமே சென்னை மாநிலத்திற்கு ஆணையம் பரிந்துரைத்தது. இறுதியில் செங்கோட்டை வட்டத்தில் ஒரு பகுதியே வந்து சேர்ந்தது.

இங்கு மூன்று பகுதிகளை ஒப்புநோக்குவோம். விளவங்கோட்டில் தமிழர் பெரும்பான்மையர், கட்சியும் வலுவாயிருந்தது. அது சென்னைக்கு வந்தது. தேவிகுளத்திலும் தமிழர் பெரும்பான்மையர், கட்சிக்கு ஆதரவும் இருந்தது; ஆயினும் தொழிலாளர் குடியேற்றத்தையும் அப்பகுதியின் பொருளாதார முக்கியத்துவத்தையும் கருதி அது கேரளத்தில் நிறுத்தப்பட்டது. நெய்யாற்றின்கரையில் தமிழர் சிறுபான்மையர். வட்டத்தை அலகாகக் கொண்ட கணக்கில் அவர்கள் எவ்வகையிலும் தேறியிருக்க முடியாது. வாக்கு கோரிக்கைக்கு வலுவூட்டியது. எல்லையை வகுத்தவை மக்கள்தொகைக் கணக்கும் வட்டம் என்ற அலகும் பொருளாதாரமும். ‘ஒருமுகமாக வாக்களித்திருந்தால்’ என்ற வாதம் தேவிகுளத்தின் முன்னால் நிற்க முடியாது.

5. 1956க்குப் பின்

கோரிக்கை முடிந்ததும் கட்சியும் முடிந்தது. அதன் தலைவர்கள் காங்கிரசில் சேர்ந்தனர். நேசமணி 1962இலும் 1967இலும் காங்கிரசு வேட்பாளராகவே நாகர்கோவிலில் வென்றார். தி.மு.க. அலை வீசிய 1967இல் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசு தக்கவைத்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று நாகர்கோவில். தமிழின் பெயரால் பிரிந்து வந்த நிலப்பகுதி, தமிழை முன்னிறுத்திய பேரலைக்குப் பணியவில்லை என்பது மொழிக்கும் வாக்குக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதைக் காட்டும்.

கேரளப் பக்கத்திலும் அவ்வாறே. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு ஏறத்தாழ 38 விழுக்காடு வாக்குகளுக்கு 43 இடங்களையும், கம்யூனிஸ்டு கட்சி ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்கு 60 இடங்களையும் பெற்றன. நெய்யாற்றின்கரையில் கம்யூனிஸ்டு கட்சியின் ஓ. ஜனார்த்தனன் நாயர் வென்றார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த தேவிகுளத்தில் அதே கட்சியின் ரோசம்மா புன்னூசு வென்றார். அத்தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டபின் 1958 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். தமிழர் மாறிவிடவில்லை, அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா மாறிவிட்டது. மொழி வினாவின் இடத்தில் கூலியும் தொழிற்சங்கமும் வந்து நின்றன.

6. அண்மைக்காலம்

2011இல் நெய்யாற்றின்கரையில் மார்க்சிஸ்டு கட்சியின் ஆர். செல்வராஜ் 6,702 வாக்குகள் வேறுபாட்டில் காங்கிரசை வென்றார். 2012 மார்ச்சில் பதவி விலகிக் காங்கிரசில் சேர்ந்து, சூன் மாத இடைத்தேர்தலில் 6,334 வாக்குகள் வேறுபாட்டில் தம் பழைய கட்சியை வென்றார். வேட்பாளர் அவரே, வேறுபாடும் ஏறக்குறைய அதுவே. கட்சி மட்டும் வேறு. இவ்விடைவெளியில் பாரதிய ஜனதாவின் வாக்கு 6,730இலிருந்து 30,507ஆக உயர்ந்தது. டி. பி. சந்திரசேகரன் கொலையும் அமைச்சரவையில் சமூகப் பங்கீடும் அன்று பேசப்பட்டன, மொழி பேசப்படவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில திங்கள் முன்னர், கிறித்தவ நாடார் அனைவருக்கும் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு வழங்கக் கேரள அரசு முடிவெடுத்தபோதும் இப்பகுதியின் வாக்குக் கணக்கு சமூகத்தைச் சுற்றியே பேசப்பட்டது.

2024இல் நீரோடி ஏப்ரல் 19 அன்றும் பொழியூர் ஏப்ரல் 26 அன்றும் வாக்களித்தன. கன்னியாகுமரியில் இடதுசாரிகள் ஆதரித்த காங்கிரசு 1,79,907 வாக்குகள் வேறுபாட்டில் வென்றது. திருவனந்தபுரத்தில் அதே இடதுசாரிகளை எதிர்த்து நின்ற காங்கிரசின் சசி தரூர் 16,077 வாக்குகள் வேறுபாட்டிலேயே தப்பினார். அவரைக் காத்த முன்னிலைகள் பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் ஆகிய தென்பகுதிகளிலிருந்து வந்தன. ஒரே மணற்கரையில் ஒரு வாரத்திற்குள் அதே கட்சிகள் ஓரிடத்தில் நண்பர், மற்றோரிடத்தில் பகைவர். இவ்வாக்குகளிலிருந்து எவர் வீட்டில் எம்மொழி பேசப்படுகிறது என்று கூற முடியுமா?

7. ஏன் இது முக்கியம்?

ஆய்வு நெறி பற்றிய கேள்வி என்பதோடு இது முடிவதில்லை. வாக்கைக் கொண்டு மொழியினரை எண்ணும் வழக்கம், எண்ணிக்கையில் சிறுத்துச் சிதறி வாழ்வோரை இருமுறை அழிக்கிறது. வட்டத்தை அலகாகக் கொண்ட கணக்கில் அவர்கள் சிறுபான்மையர். தொகுதியை அலகாகக் கொண்ட கணக்கில் அவர்கள் இல்லாதவர்கள்.

எல்லைக்கோடு நடைமுறைக்கு வந்த அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் அரசமைப்புச் சட்டத்தின் 350அ, 350ஆ பிரிவுகளும் நடைமுறைக்கு வந்தன. முதலாவது, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கான வசதி பற்றியது. இரண்டாவது, அவர்களுக்கான தனி அலுவலர் பற்றியது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடமளிக்கிறது. இவ்வுரிமைகளுக்கு ஒரு தொகுதியை வென்றாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வாக்கால் தம்மை நிறுவிக்கொள்ள இயலாதோருக்கெனவே இவை இயற்றப்பட்டன.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளின் தமிழ் குறித்து ஆராய விழையும் மாணவர்கள் தேர்தல் முடிவுகளை அரசியல் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளட்டும். மொழிக்குரிய சான்றுகள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் திருச்சபையின் வழிபாட்டு மொழியிலும் மீன்பிடி ஓடத்தில் வழங்கும் சொற்களிலும் வீட்டுப் பேச்சிலும் உள்ளன. அவற்றை ஊர் ஊராகச் சென்று எண்ணுவது தொகுதிக் கணக்கைக் காட்டிலும் கடினமான பணி. இப்பகுதியில் களப்பணி செய்துள்ள நண்பர்கள் தங்கள் கருத்துகளைப் பகிர்ந்தால் மகிழ்வேன்.